புளிப்பு பியரின் ஐந்தாம் நுண்ணுயிர்

பண்ணைப் புளிப்பு பியரில் நொதித்தல் தொழில் புரிவனவற்றுள் பெரிதும் பேசப்படுவன நான்கு. சாக்கரோமைசிஸ் சர்க்கரையைச் சாராயமாக்கும். பெடியோகாக்கஸ் புளிப்பேற்றும். பிரெட்டனோமைசிஸ் பிறர் விட்ட மிச்சத்தைத் தின்று மணம் கூட்டும். அசிட்டோபாக்டர் காற்றுக் கிடைத்தால் அத்தனையையும் காடியாக்கும். இப்பட்டியல் குறையுடைத்து. ஐந்தாவதாக ஒன்று உண்டு. உருப்பெருக்கி இல்லாமலே கண்ணுக்குப் புலப்படும். ஏறத்தாழ ஐந்தரை அடி நீளம், இரண்டு கை, ஒன்றில் டார்ச் விளக்கு. வீட்டில் பியர் காய்ச்சுபவர் என்று அதனை வழங்குப. இதுகாறும் எவரும் இவ்வுயிரை வகைப்படுத்தாமை ஆய்வுலகுக்கு இழுக்கு என்க.

முன்னோர் ஆய்வுகளை மதிப்பது மரபு. பியரைக் கெடுக்கும் கிருமிகளைப் பற்றி லூயி பாஸ்டர் 1876இல் ஒரு முழு நூலே எழுதினார். கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883இல் ஒற்றை ஈஸ்ட் செல்லைப் பிரித்துத் தூய வித்தாக வளர்த்துக் காட்டினார். அன்றுமுதல் பெரிய ஆலைகளிலிருந்து காட்டு ஈஸ்ட்டுகள் படிப்படியாக வெளியேற்றப்பட்டன. அதே கார்ல்ஸ்பெர்க்கில் கிளாசன், ஆங்கிலேய பியர்களின் தனி மணத்துக்குக் காரணம் பிரெட்டனோமைசிஸ் என்று 1904இல் அறிவித்தார். மூவருமே உருப்பெருக்கியின் கீழ்முனையில் இருந்ததைத்தான் ஆராய்ந்தனர். மேல்முனையில் கண் வைத்திருந்த உயிரை ஒருவரும் குறித்துக்கொள்ளவில்லை.

இவ்வுயிர் தலைகாட்டாத நிலம் எது என்பதை முதலில் காண்போம். பிரஸ்ஸல்ஸுக்கு மேற்கே பயோட்டன்லாந்து வட்டாரத்தில் லாம்பிக் எனும் புளிப்பு பியரைக் காய்ச்சுகிறார்கள். முளைகட்டிய பார்லியோடு முளைகட்டாத கோதுமையும், வருடக்கணக்கில் கிடந்து கசப்பிழந்த ஹாப்ஸ் பூவும் சேர்த்துக் கொதிக்கவைத்து, கூல்ஷிப் எனும் அகன்ற தட்டையான தொட்டியில் ஊற்றி, குளிர்கால இரவு முழுக்கத் திறந்து வைப்பார்கள். ஈஸ்ட் எதையும் போடுவதில்லை. விடிந்ததும் மரப்பீப்பாயில் ஏற்றிவிட்டு ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு என்று விட்டுவிடுவார்கள். மேலே ஏடு படியும். பீப்பாயில் அளவு குறைந்தாலும் நிரப்பமாட்டார்கள், ஏடு கலையக்கூடாதாம். பிரஸ்ஸல்ஸிலேயே 1900இல் தொடங்கிய கான்டியோன் ஆலையில் சிலந்தி வலையைக்கூடக் கலைப்பதில்லை. பழ ஈக்களைப் பிடித்துக்கொண்டு சிலந்திகள் அங்கே காலங்காலமாகப் பணியில் இருக்கின்றன. ஊதிய உயர்வு கேட்டதாகப் பதிவு இல்லை. பீப்பாயைத் தட்டிப் பார்த்ததாகவும் இல்லை.

ஐந்தாம் நுண்ணுயிரோ அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால் வாழ்வுரிமை பெற்றுப் பல்கிப் பெருகியது. நிலவறை, மாடிப்படிக்கு அடியிலுள்ள இருட்டு, துணி அலமாரி ஆகியன இதன் வாழிடம். லாம்பிக் வாங்கிக் குடித்துவிட்டு, புட்டியின் அடிவண்டலை, பியர்ச்சாறு நிரம்பிய 19 லிட்டர் கண்ணாடி ஜாடியில் ஊற்றுவதோடு இதன் பருவம் தொடங்கும். மூன்று நான்கு மாதத்தில் பெடியோகாக்கஸ் பெருகும்போது பியர் சிலசமயம் கொழகொழத்து நூலாக இழுக்கும். பயோட்டன்லாந்துக்காரர் 'நோய் கண்டிருக்கிறது' என்று சொல்லிவிட்டு உறங்கப் போவார். பிரெட்டனோமைசிஸ் அந்தக் கொழகொழப்பைச் சில மாதங்களில் தின்று தீர்த்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். ஐந்தாம் உயிருக்கு உறக்கம் வராது. மூடியைத் திறக்கும்.

திறப்பதால் என்ன கேடு? ஏடு உடையும், ஆக்சிஜன் புகும், அசிட்டோபாக்டர் விழித்துக்கொள்ளும். இவை யாவரும் அறிந்தவை. யாம் கண்டது வடிவியல் சார்ந்தது. ஜாடி கழுத்துவரை நிரம்பியிருக்கையில் காற்றுப் படும் பரப்பு ஒரு காசு அகலந்தான். ருசி பார்க்க ஒரு குவளை, அடர்த்தி பார்க்க ஒரு குவளை, நண்பருக்கு ஒரு குவளை என்று எடுக்க எடுக்க மட்டம் கழுத்தைவிட்டு ஜாடியின் தோளுக்கு இறங்கும், பரப்பு விரியும். பரப்பு விரிய ஆக்சிஜன் மிகும். அது மிக ஐயம் மிகும். ஐயம் மிக மீண்டும் ஒரு குவளை. ஆதலின் இந்நூலுடையார் (யாமே) சூத்திரம் செய்தவாறு:

மூடி திறத்தல் அறிவெனப் படாஅது
காற்றும் உடன்புகும் ஆக லான.

அற்றேல், சுவையாமல் பக்குவம் அறிவது எங்ஙனம் எனின், கூறுதும். கலிஃபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் ஆலையைச் சேர்ந்த வின்னி சிலூர்சோ பீப்பாயின் முகப்பில் சிறு துளையிட்டு, துருப்பிடிக்காத ஆணி ஒன்றை அடித்து வைத்தார். ஆணியைப் பிடுங்கினால் மெல்லிய தாரையாகப் பியர் வரும். திரும்பச் செருகினால் நிற்கும். மேலே ஏடு அசையாது. நுண்ணுயிரியல் துறையின் சாதனையாக இதைக் கருதுவார் உளர். கைகட்டி உட்கார முடியாத ஓர் உயிரின் இயல்பைத் திருத்தமுடியாது என்று ஒப்புக்கொண்ட முதல் தொழில்நுட்பம் என்பதே எம் கருத்து. கண்ணாடி ஜாடியில் ஆணி அடிக்கலாமோ எனின், அடிக்கலாம், ஒருமுறை.

நார்வேயின் பண்ணைகளில் வேறொரு வழக்கு உண்டு. ஈஸ்ட் இடும்போது தொட்டியருகே நின்று உரக்கக் கூவுவார்கள். கூவல் எவ்வளவு வலிதோ அவ்வளவு வீரியம் பியருக்கு என்பது நம்பிக்கை. ஐந்தாம் நுண்ணுயிரின் மனவேகத்துக்கு இது தக்க வடிகால். கூவினால் ஏடு உடைவதில்லை. அண்டைவீட்டார் மட்டும் வந்து விசாரிப்பர்.

புறனடை: புட்டியில் அடைக்கும் காலத்தில் மேற்கூறிய விதி செல்லாது. பிரெட்டனோமைசிஸ் மெதுவாகத் தின்னும், ஆனால் நிறுத்தாது. சர்க்கரை மிச்சமிருக்க அடைத்தால் வாயு பெருகி, அலமாரியில் புட்டி வெடிக்கும். எனவே ஹைட்ரோமீட்டர் காட்டும் அடர்த்தி எண் ஓரிரு மாதமாக அசையாமல் நிற்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். அதற்குத் திறக்கலாம். எண்ணைக் குறித்துக்கொண்டதும், எடுத்த குவளையைக் குடித்துவிடலாம், திரும்ப ஊற்றக்கூடாது. ஷாம்பெயின் புட்டி போலத் தடித்த கண்ணாடியாக இருத்தல் நன்று.