மோட்டார் வாங்காததற்கு ஒரு பாராட்டு

காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே போனில் இருக்கும் வரவு செலவுக் கணக்கு ஆப் என்னைப் பாராட்டியது. ‘வீட்டுப் பராமரிப்பு’ வகையில் போன மாதத்தைவிட எக்கச்சக்கமாக மிச்சம் பிடித்துவிட்டேனாம். கூடவே கலர் காகிதம் பறக்கிற படம் வேறு. போன மாதம் போர்வெல் மோட்டார் காயில் எரிந்துபோய், குழாயெல்லாம் மேலே ஏற்றிப் புது மோட்டார் இறக்கினோம். இந்த மாதம் இறக்கவில்லை. அதற்குத்தான் இந்தக் கொண்டாட்டம்.

உங்கள் ஆப்பும் இப்படித்தான் இருக்கும். எங்கே எழுதுவது என்று தெரியாத செலவையெல்லாம் ‘இதர’வில் தள்ளித் தள்ளி, இப்போது உங்கள் குடும்பத்தின் பெரிய செலவே ‘இதர’தான் என்று ஆகியிருக்கும். இதற்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

ஆப்புக்குச் சராசரி போட மட்டுமே தெரியும். ஒரு தடவை செலவு செய்துவிட்டால் அதுதான் நம் சுபாவம் என்று முடிவு கட்டிவிடும். இங்கே ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரியில் திறந்தார்கள். அந்தக் கணக்கு இந்த ஆப்பிடம் போயிருந்தால், ஒவ்வொரு ஜனவரியிலும் ‘இன்னும் தொலைநோக்கி வாங்கவில்லையே’ என்று நச்சரித்திருக்கும். அரசாங்கம் மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு என்று பிரித்து எழுதித் தப்பித்துக்கொள்கிறது. கம்பெனிக்காரர்கள் தேய்மானம் என்று பல வருஷத்துக்குப் பரப்பிவிடுகிறார்கள். மோட்டாரை நானும் பரப்பிவிடுவேன். மொய்யை எப்படிப் பரப்புவது?

மொய் செலவா? நம் வீட்டு விசேஷத்தில் திரும்பி வருமே, அப்படியானால் கொடுத்த கடன். ஆனால் என் கல்யாணத்தில் அந்த வீட்டுக்காரர் வைத்ததற்குப் பதிலாகத்தானே வைத்தேன், ஆகவே அடைத்த கடன். அவர் வைத்தது 501, நான் வைத்தது 1001 என்றால் பாதி அடைத்தது, பாதி கொடுத்தது. தாய்மாமன் சீர் எந்த ஜென்மத்திலும் திரும்பாது, அதற்குத் தனி வகை வேண்டும். ஆம்பூர் பிரியாணி போட்ட கல்யாணம் என்றால் ‘வெளியில் சாப்பிட்டது’ என்றும் எழுதலாம், மனசாட்சி இடம் கொடுத்தால். போன ஆவணியில் ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அப்பா, தன் மளிகைக் கடையின் க்யூஆர் அட்டையையே மொய் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டார். நான் 5001 ரூபாய்க்கு மளிகை வாங்கியதாக எழுதிக்கொண்ட ஆப், சமையல் சாமான் செலவைக் குறைக்கச் சொல்லி மூன்று வாரம் புத்தி சொன்னது. வருமான வரிச் சட்டம்கூட, உறவல்லாதவர் தரும் பரிசு வருஷத்தில் 50,000 ரூபாயைத் தாண்டினால் வருமானம் என்று சொல்லிவிட்டு, கல்யாணத்தில் மணமக்களுக்கு வந்ததென்றால் விட்டுவிடுகிறது. வரித்துறைக்கு இருக்கும் இங்கிதம் ஆப்புக்கு இல்லை.

எங்கள் அத்தையின் மொய் நோட்டைப் பாருங்கள். ஊர், தகப்பன் பேர், ஆள் பேர், தொகை, அவ்வளவுதான். புதூர்நாட்டிலிருந்து இறங்கி வந்தவர் சாமை கொடுத்திருந்தால் ‘சாமை ஒரு மூட்டை’ என்றே இருக்கும், ரூபாயாக மாற்றுகிற வேலையெல்லாம் கிடையாது. அது சராசரி போடாது. யாரையும் பாராட்டாது. வைக்காதவனை மட்டும் மறக்காது.

எனக்கு ஆத்திரமெல்லாம் அந்த ஆப்பின் எதிர்பார்ப்பின் மேல்தான். ‘சாதாரண மாதம்’ என்று ஒன்றை அது எங்கேயோ கண்டிருக்கிறது. ஜூனில் பள்ளிக்கூடப் பீஸ், ஆவணியில் கல்யாணம், ஐப்பசியில் தீபாவளி, நடுவில் வண்டி இன்சூரன்ஸ், காதுகுத்து, மிக்ஸி. 2019-ல் வேலூரிலிருந்து எங்கள் மாவட்டத்தைப் பிரித்தபோது தம்பி தன் கடைப் பலகையில் ஊர் பேருக்குக் கீழே இருந்ததை அழித்து எழுதினான், அதுவும் ஒரு தடவைச் செலவுதான். ‘இந்த ஒரு மாசம்தான்’ என்று எங்கள் வீட்டில் சொல்லாத மாதம் கிடையாது. ஆப் கேட்கிற சாதாரண மாதம் அமைய வேண்டுமென்றால் சொந்தபந்தமே இருக்கக்கூடாது.

வழி சொல்கிறேன் என்றேனா? வாசலில் யாரோ வெற்றிலை பாக்குத் தட்டோடு நிற்கிறார்கள், அப்புறம் பார்த்துக்கொள்வோம். ஆவணியில் விசேஷம் வைத்திருப்பவர்களுக்கு ஒரே விண்ணப்பம்: பத்திரிகையை ஆடியிலேயே கொடுத்துவிடுங்கள், மொய் மேசையில் மளிகைக் கடை அட்டையை வைக்காதீர்கள்.