கடகடப்பியல்: கியர் லிவரை முன்வைத்து

மோட்டார் சைக்கிள் எழுப்பும் ஓசைகளில் சைலன்சரின் உறுமலுக்கு ரசிகர்கள் இருக்கிறார்கள். ஹாரனுக்குச் சட்டமே இருக்கிறது. கியர் லிவரின் கடகடப்புக்கு மட்டும் ஆராய்ச்சியாளர் எவரும் வாய்த்ததாகத் தெரியவில்லை. அந்தப் பெருங்குறையைத் தீர்க்கவே இவ்வாய்வு.

முதலில் ஆய்வுக் களம். 1950களிலிருந்து சென்னையில் தயாரான புல்லட்டில் நெடுங்காலம் கியர் வலது காலுக்கும் பிரேக் இடது காலுக்குமாக இருந்தன. 1970களின் நடுவில் அமெரிக்கா, தன் நாட்டில் விற்கும் வண்டிகளுக்குக் கியர் இடப்பக்கமே என்று விதித்தது. பிரிட்டிஷ் கம்பெனிகளும் அந்த வழிக்கு வந்தன. லிவரோடு கடகடப்பும் குடிபெயர்ந்தது. இடதுசாரி, வலதுசாரி பேதம் அதற்குக் கிடையாது.

அதன் தலையாய இயல்பு, தேடிப் போனால் ஒளிந்துகொள்வது. மெக்கானிக் ஒரு ரவுண்டு போய்வந்து, "சத்தமே இல்லையே சார்" என்பார். அது பொய்யில்லை. அடிக்கடி கியர் மாற்றி ஓட்டிப் பார்ப்பவரின் கால் லிவரை விட்டு விலகுவதில்லை. செருப்பின் கனமே ஆட்டத்தை அமுக்கிவிடும். உரிமையாளரோ டாப் கியரில் போட்டுவிட்டுக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்பவர். அப்போதுதான் லிவர் வாயைத் திறக்கும். நோக்குபவரால் நோக்கப்படுவது மாறும் என்று இயற்பியலார் அணுவுக்குள் கண்டு வியந்ததை, நம் பட்டறைகள் தினமும் கண்டும் கண்டுகொள்ளாமல் இருக்கின்றன.

இன்னொரு தந்திரமும் உண்டு. இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் நொடிக்கு 50 சுற்று. ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் வண்டியானால் நொடிக்கு 25 வெடிப்பு. லிவரின் இயல்பான அதிர்வோடு இந்த அதிர்வு ஒத்துப்போகும் வேகத்தில் மட்டும் அது கூத்தாடும். வேகம் கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ சாதுவாகிவிடும்.

போலிக் குற்றவாளிகளையும் விலக்க வேண்டும். செயின் கவரும் நம்பர் பிளேட்டும் வழக்கமான சந்தேக நபர்கள். சேலை கார்டு சற்றே அந்தஸ்து மிக்கது: பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி. சட்டத்தின் துணையோடு ஓசையிடும் உறுப்பு அது.

இனி உண்மைக் குற்றவாளி. இன்ஜினிலிருந்து நீளும் ஷாஃப்டின் நுனியில் நுண்ணிய பற்கள். லிவரின் துளையிலும் அதே பற்கள். லிவரின் கழுத்தில் ஒரு பிளவு. அதை இறுக்கிப் பிடிப்பது ஒரே ஒரு போல்ட், பெரும்பாலும் பத்தாம் நம்பர் ஸ்பேனருக்குரியது. இன்ஜினை நிறுத்திவிட்டு லிவரைக் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஷாஃப்ட் அசையாமல் லிவர் மட்டும் ஆடினால் போல்ட்டை இறுக்கலாம். த்ரெட்டில் ஒரு சொட்டு லாக் பசை விட்டால் மறுபடி தளராது. பிளவு முழுக்க மூடிய பிறகும் ஆட்டம் நிற்கவில்லை என்றால் பல் தேய்ந்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் முறுக்கினால் போல்ட்தான் அறுந்து கையோடு வரும்.

கால் வைக்கும் இடத்துக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே இணைப்புக் கம்பி உள்ள வண்டிகளில், அதன் இரு முனை மூட்டுகளே சத்தத்தின் பிறப்பிடம். அழுக்கைத் துடைத்துக் கிரீஸ் வைத்தாலே பாதி அடங்கும். கம்பியின் ஒரு முனையில் பல வண்டிகளில் இடது மரை இருக்கும். அதை அறியாமல் வழக்கமான பக்கம் திருகிக்கொண்டிருப்போர் பொறுமையை மட்டுமே தேய்க்கிறார்கள்.

பல் தேய்ந்த லிவருக்குச் சிகிச்சை சொல்வதில் மூன்று மரபுகள் உண்டு. சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றுவது டியூப் மரபு. சத்தம் போகும், நோய் போகாது. குளிர்பான டின்னை வெட்டி ஷாஃப்டுக்கும் லிவருக்கும் நடுவே செருகுவது தகட்டு மரபு. வீடு போய்ச் சேரும்வரை தாங்கும். லிவரை ஷாஃப்டோடு சேர்த்துப் பற்றவைப்பது வெல்டிங் மரபு. இதன் வெற்றி முழுமையானது, அதுவே அதன் குற்றம். சூட்டில் ஆயில் சீல் கருகும். பல வண்டிகளில் லிவரைக் கழற்றினால்தான் முன் ஸ்ப்ராக்கெட் கவரே வெளியே வரும்.

புது லிவர் மாட்டுவதே முறை. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் விலை பேசும் முன் ஒருமுறை குனிந்து, லிவரின் கழுத்தில் வெல்டிங் தடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.