மறந்ததைக் ‘கடினம்’ என்று மொழிதல்: திரேஸ்புரத்துத் திண்ணையில் ஒரு கள ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

நினைவட்டை என்பது முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் விடையும் கொண்டது; நடுவே காவலுக்கு மனச்சாட்சி மட்டும். அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நினைவிருந்ததா மறந்ததா என்று படிப்பவரே அறிவிக்க வேண்டும். நினைவிருந்த அட்டை பல நாள் கழித்து வரும். மறந்த அட்டை உடனே வரும். மாணவர், தேர்வாளர், அறைக் கண்காணிப்பாளர், மறுகூட்டல் அலுவலர் ஆகிய நான்கு பதவிகளையும் ஒரே ஆள் வகிக்கும் இந்த ஏற்பாட்டில் முறைகேடு நடக்குமா? நடக்கும். எவ்வாறு நடக்கும் என்பதே கீழே ஆராயப்படுகிறது.

2. முன்னோடிகள்

1885-இல் நினைவாற்றலைப் பற்றி நூல் வெளியிட்ட ஜெர்மானியர் ஹெர்மன் எபிங்ஹாஸ், தம்மையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டவர். பொருளற்ற அசைகளை நெட்டுருப் போட்டு, நாள் கழித்து மறுபடி படிக்கையில் எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்தார். தீர்ப்பைக் கடிகாரத்திடம் ஒப்படைத்த உஷார்ப் பேர்வழி. பின்வந்தோர் அதைப் படிப்பவரிடமே விட்டார்கள். 1972-இல் செபாஸ்டியன் லைட்னரின் அட்டைப்பெட்டி முறையில் தீர்ப்பு இரண்டு: சரியென்றால் அடுத்த அறை, தவறென்றால் முதல் அறை. 1987-இல் போலந்தின் பியோத்ர் வோஸ்னியாக் எழுதிய சூப்பர்மெமோவில் 0 முதல் 5 வரை ஆறு தரம். 2006-இல் வந்த ஆங்கி செயலியில் நான்கு பொத்தான்கள்: மீண்டும், கடினம், நன்று, எளிது.

தரம் பிரிப்பதில் தூத்துக்குடிக் கரைக்கு இவர்களைவிட மூத்த அனுபவம் உண்டு. முத்துக்குளிப்பு நடந்த சலாபக் காலத்தில் முத்துகளைப் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலித்தார்கள். பத்துத் தரம் இருந்தும், அளவைச் சொன்னது துளைதான். முத்துக்குச் சொந்தக்காரரின் ஆசை அல்ல.

3. களமும் தரவும்

களம்: தூத்துக்குடியின் திரேஸ்புரம், நாட்டுப்படகுகள் கரையேறும் இடத்துக்குச் சற்று உள்ளே ஒரு வீட்டுத் திண்ணை. மாதிரி: தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும், கட்டுரையாளரின் அக்கா மகன். மாதிரியின் எண்ணிக்கை ஒன்று. எபிங்ஹாஸுக்கும் ஒன்றே என்பதால் இதற்கு விளக்கம் தரப்படவில்லை.

செல்போனில் கேள்வி வந்தது: சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி தொடங்கப்பட்ட ஆண்டு? பயல் ஓட்டைப் பார்த்தான், கடலைப் பார்த்தான், “1908” என்றான். திருப்பினான்: 1906. “ப்ச், தெரிஞ்சதுதான்” என்று முனகிக்கொண்டே ‘கடினம்’ பொத்தானை அமுக்கினான். விசாரித்ததில், “1908, கம்பெனிய ஆரம்பிச்ச வ.உ.சி. ஜெயிலுக்குப் போன வருஷம் மாமா. ஆளு கரெக்ட்டு, வருஷந்தான் கொஞ்சம் தள்ளிப்போச்சு” என்று வாக்குமூலம் அளித்தான்.

மீன் கூடையை இறக்கிவைத்து இளைப்பாறிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பாட்டி குறுக்கிட்டார்: “ஏல, பின்பக்கத்தப் பாத்தப்புறம் தெரியும்னா எனக்குந்தாம்ல தெரியும்.” நினைவுகூர்தல் வேறு, அடையாளம் காணுதல் வேறு என்னும் உளவியல் கோட்பாடு இதனினும் சுருக்கமாகச் சொல்லப்பட்டதில்லை.

4. முறைகேட்டின் வகைகள்

அ. கடினப் புகல்: ‘கடினம்’ என்பது முக்கி முனகியாவது விடை வந்தவர்களுக்கு உரியது. அது தேர்ச்சிப் பொத்தான். ஆங்கியின் பழைய கணக்கில் இப்பொத்தான் இடைவெளியை 1.2 மடங்காக்கும். 30 நாள் இடைவெளியில் வந்த அட்டை மறந்துபோயிருக்க, ‘கடினம்’ என்றால் அது 36 நாள் விடுப்பில் போய்விடும். ‘மீண்டும்’ என்றிருந்தால் பத்து நிமிடத்தில் திரும்பியிருக்கும். 2023-இல் சேர்ந்த எஃப்எஸ்ஆர்எஸ் கணக்கு, நம் பழைய தீர்ப்புகளைப் பார்த்தே இடைவெளிகளைக் கணிக்கிறது. ஆகவே பொய் வழக்கமாகிவிட்டால் மற்ற அட்டைகளின் தேதிகளும் கெடும்.

ஆ. நுனிநாக்கு வாதம்: “வாய் வரைக்கும் வந்துச்சு.” வாயைத் தாண்டவில்லை என்பதையே இது நிறுவுகிறது.

இ. சபைப் பெருமை: அருகில் ஆள் இருந்தால் ‘எளிது’ அமுக்குதல்.

ஈ. தற்பழி: ஒற்றுப்பிழைக்கெல்லாம் ‘மீண்டும்’ போட்டுக்கொள்ளுதல். பார்க்க நேர்மைபோல் இருக்கும். இதுவும் பொய்க் கணக்கே. சில நாளில் அட்டைகள் மலையாகக் குவிந்து, செயலியே செல்போனிலிருந்து நீக்கப்படும்.

5. ஒப்பீட்டுச் சான்றுகள்

அரசு நடத்திய சங்கு குளிப்பில், குளியாளிகள் கொண்டுவரும் சங்கை ஓர் அளவுத் துளையில் விட்டுப் பார்ப்பது வழக்கம். நழுவி விழுந்தால் சிறுசு. உயிரோடு கடலுக்கே திரும்பும், வளர்ந்தபின் எடுத்துக்கொள்ளலாம். அங்கே ‘கிட்டத்தட்டப் பெருசு’ என்றொரு வகை இல்லை. திருப்பி விடப்பட்ட சங்குக்கு அவமானமும் இல்லை.

இரண்டாவது சான்று தேர்வாணையத்தினுடையது. 2019 குரூப் 4 தேர்வில் மறையும் மையைக் கொண்டு நடந்த முறைகேடு வெளியானபின், 2020-இல் விடைத்தாளில் ஐந்தாவது வட்டம் ஒன்று சேர்ந்தது: ‘விடை தெரியவில்லை’. தெரியாததை வெற்றிடமாக விட்டு நழுவ முடியாது; தெரியாது என்று கறுப்பு மையால் நிரப்பிச் சொல்ல வேண்டும்.

6. முடிவும் பரிந்துரைகளும்

இரு சான்றுகளிலும் நேர்மை ஒரு குணமாக எதிர்பார்க்கப்படவில்லை; ஏற்பாடாக அமைக்கப்பட்டிருக்கிறது. எனவே: (1) அட்டையைத் திருப்புமுன் விடையை வாய்விட்டுச் சொல்லவோ தாளில் எழுதவோ வேண்டும்; சொல்லாத, எழுதாத விடை இல்லாத விடை. (2) ‘மீண்டும்’, ‘நன்று’ ஆகிய இரண்டு பொத்தான்களே போதும். (3) சந்தேகத்தின் பலன் ‘மீண்டும்’ பக்கம் சேரும். (4) அட்டை கேட்டது ஆண்டு என்றால் ஆண்டுக்கு மட்டுமே தீர்ப்பு, கையெழுத்துக்கு அல்ல.

பரிந்துரைகள் அமலானதும் அன்றாட அட்டைகள் கூடிவிட்டதாக மாதிரி புகார் செய்துள்ளது. “ரெண்டு வருஷ வித்தியாசத்துக்கு இவ்வளவு கெடுபிடியா மாமா?” என்பது அதன் முதன்மை ஆட்சேபம். ஆட்சேபம் பரிசீலிக்கப்பட்டது. தேர்வு மண்டபத்தில் 1906-க்கு ஒரு வட்டம் இருக்கும், 1908-க்கு ஒரு வட்டம் இருக்கும், தெரியவில்லை என்பதற்கும் ஒன்று இருக்கும். ‘கடினம்’ என்று ஆறாவது வட்டம் அச்சாகும்வரை இவ்வாய்வின் முடிவில் மாற்றமில்லை.