இடது ஓரம் நிற்பது யார்?

கேள்வி: டல்லாஸ், சிங்கப்பூர், மதுரை என்று சிதறிக் கிடக்கும் எங்கள் சொந்தங்களுக்காக வாட்ஸ்அப் குழு ஆரம்பித்திருக்கிறேன். உருப்படுமா? (வாசகி, தேனி)

பதில்: குழுவில் 1024 பேர் வரை சேர்க்கலாம். அத்தனை பேருக்கும் போதுமான 'காலை வணக்கம்' ரோஜாப்பூக்களை ஒரு சித்தப்பாவே அனுப்பிவிடுவார்! அந்தக் காலத்தில் கடுதாசி மூலையில் மஞ்சள் என்றால் கல்யாணம், ஓரத்தில் கறுப்பு மை என்றால் சாவு. படிக்கும் முன்பே விஷயம் தெரிந்துவிடும். தந்தியும் 2013 ஜூலையோடு போயிற்று. இப்போது இழவுச் செய்திக்கும் முதல் பதில் கட்டைவிரல்தான்.

ஆனாலும் குழு உருப்பட ஒரு வழி உண்டு. பழைய கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படம் ஒன்றைப் போட்டு, 'இடது ஓரம் நிற்பது யார்?' என்று கேட்டுப் பாருங்கள். டல்லாஸில் நள்ளிரவானாலும் அத்தை எழுந்து வந்து, யார் கழுத்தில் கிடந்தது யாருடைய இரவல் சங்கிலி என்பதுவரை சொல்வார். சங்கிலி திரும்பி வந்ததா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பாதிப் பேர் குழுவை விட்டு வெளியேறிவிடுவார்கள்.