ஜி.ஓ. அண்ணாச்சி

ஐம்பது பேர் வேலை பார்க்கும் எந்த அரசு அலுவலகத்திலும் ஒருவர் ஜி.ஓ. அண்ணாச்சியாக இருப்பார். நெல்லைப் பக்கம் என்பதால் அண்ணாச்சி. கோவைப் பக்கம் என்றால் அண்ணா, சென்னையில் சார். ஆள் என்னவோ ஒரே ஆள்தான். சட்டைப் பையில் இரண்டு பேனா, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அகவிலைப்படி அட்டவணை, காலடியில் பழைய அரசாணைக் கட்டு. இணையத்தில் தேடிக் கிடைக்காததும் அந்தக் கட்டில் கிடைக்கும். எந்த வரிசையில் அடுக்கியிருக்கிறார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அவருடைய செல்வாக்கே அதில்தான் இருக்கிறது.

"அண்ணாச்சி, இதுக்கு ஒரு ஜி.ஓ. இருக்காமே?" என்று யாராவது இழுத்தால் போதும். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "நிலையா, டி-யா, வாலாயமா?" என்பார். கேட்டவர் விழிப்பார். அரசாணை எண்ணுக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் வரும் அந்தச் சொல்லைப் பெரும்பாலோர் படிப்பதில்லை. அண்ணாச்சி முதலில் படிப்பதே அதைத்தான். வாட்ஸ்அப்பில் ஒருமுறை சம்பள உயர்வு அரசாணை ஒன்று சுற்றி வந்து, மதியத்துக்குள் ஜிலேபி வாங்கும் அளவுக்குப் போய்விட்டது. அண்ணாச்சி ஒரு பார்வை பார்த்தார். "தேதி ஞாயித்துக்கிழமையில்லா போட்டிருக்கான்" என்றார். ஜிலேபியை மட்டும் தின்றார்கள்.

புதிதாகச் சேரும் இளநிலை உதவியாளர்கள் பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சி முடித்துவிட்டு வருகிறார்கள். மாவட்ட அலுவலக நடைமுறை நூல் தேர்விலும் தேறிவிடுகிறார்கள். ஆனால் முதல் தபால் கட்டு கைக்கு வந்ததும் தன்பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேய் அறைந்த மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். அப்போது அண்ணாச்சி தன் நாற்காலியை இழுத்துப் போடுவார். "தம்பி, ஃபைலைத் தொடங்க ஆயிரம் பேரு இருக்காவ. முடிக்கத்தான் ஆளு கெடையாது." அன்று பாடம் முழுக்க முடிவைப் பற்றியதுதான். ஓ.மு. போட்டால் ஓராண்டு, மூ.மு. என்றால் மூன்றாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு, நி.மு. என்றால் நிரந்தரம். தான் நி.மு. போட்ட ஃபைல்கள் தன் காலத்துக்குப் பிறகும் ரெக்கார்டு ரூமில் இருக்கும் என்பதில் அவருக்கு ஒரு தனிப் பூரிப்பு. அழியாப் புகழ் கவிஞர்களுக்கு மட்டுமா சொந்தம்?

மாலை ஐந்து மணிக்கு மேல் அவர் மேஜைக்கு வருகிறவர்கள் வேறு ரகம். கையில் மடித்த காகிதம், முகத்தில் ஈயாடாது. 17ஏ குறிப்பாணை என்றால் சிறு தண்டனையோடு போகும்; 17பி என்றால் வேலைக்கே உலை வைக்கலாம். அண்ணாச்சி குற்றச்சாட்டைப் படிப்பதற்கு முன் கையெழுத்தைப் பார்ப்பார், போட்டவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்று. பிறகு, "நாலு வரியில பதில் எழுதும். கதை எழுதுனா மாட்டிக்கிடுவீரு" என்பார். இந்த யோசனைக்கு அவர் காசு வாங்குவதில்லை. டீ வாங்கிக்கொடுத்தால் மறுப்பதும் இல்லை.

அவர் மிகவும் விரும்பிப் படிக்கும் இலக்கியம், சக ஊழியர்களின் எஸ்.ஆர். அந்தப் பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் பிறந்த தேதி இருக்கும். தமிழ்நாட்டில் அரசு ஊழியர் 60 வயது முடியும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வுபெறுகிறார். 1-ஆம் தேதி பிறந்தவருக்கு மட்டும் முந்தைய மாதத்தின் கடைசி நாளோடு சரி. தட்டச்சர் அக்கா ஒருவருக்கு ஜூன் 1 பிறந்தநாள். அவர் ஜூன் 30-க்கு மண்டபம் பேசி, சமையலுக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். அண்ணாச்சி மெதுவாகப் போய், "அக்கா, உங்களுக்கு மே 31-ல்லா" என்றார். அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நான் பொறந்ததே ஆவணியிலய்யா! ஒண்ணாங்கிளாஸ் வாத்தியாரு அஞ்சு வயசு கணக்குக்காவப் போட்ட தேதி இது. பாவி மனுசன் ரெண்டாம் தேதின்னு எழுதியிருந்தா ஒரு மாசச் சம்பளம்லா கூட வந்திருக்கும்!"

இப்படி வாத்தியார் கையால் பிறந்தவர்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம். மே 31 அன்று அலுவலகங்களில் பொன்னாடைக்குப் பஞ்சம் வருவது அதனால்தான்.

ஓய்வு வயது 58-லிருந்து 2020-ல் 59 ஆனது. 2021-ல் 60 ஆனது. இனிப்பு வழங்கியவர்கள் உண்டு. அண்ணாச்சியோ துண்டுத்தாளை எடுத்து, மேலே இருப்பவர்கள் நகராததால் கீழே யார் யாருக்குப் பதவி உயர்வு தள்ளிப்போகும் என்று பட்டியல் போட்டார். தன் பெயரை அதில் சேர்க்கவில்லை. பதவி உயர்வு வந்தால் மாறுதலும் கூடவே வரும், கட்டைத் தூக்கிக்கொண்டு வேற்றூர் போக முடியாது என்று எப்போதோ வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டார். வீட்டில் இதற்காக வாங்கும் ஏச்சுக்கு எந்த விதியிலும் மேல்முறையீடு கிடையாது.

மின் அலுவலகம் வந்தபோது, அண்ணாச்சியின் சோலி முடிந்தது என்று பேசிக்கொண்டார்கள். டேக் போனது, ஊசி நூல் போனது. குறிப்பு எழுதுவது மட்டும் அப்படியே இருந்தது. இரண்டு விரலால் தட்டினாலும் அவர் குறிப்பு திரும்பி வருவதில்லை. ஒருவருடைய ஓய்வூதியக் கருத்துரு தேனாம்பேட்டை ஏ.ஜி. ஆபீசிலிருந்து ஆட்சேபணை இல்லாமல் வந்துவிட்டால், அன்று அவர் இரண்டாவது வடை சாப்பிடுவார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு மற்றதை மறைப்பது நியாயமில்லை. ஃபைலை ஓட்டத் தெரிந்தவருக்கு நிறுத்தவும் தெரியும். பிடிக்காத பிரிவிலிருந்து வந்தால், "உரிய விதியினைச் சுட்டிக்காட்டி மீளச் சமர்ப்பிக்கவும்" என்று ஒரு வரி எழுதுவார். மனுதாரருக்குச் செருப்பு தேயும். அந்த வரியை எழுதும்போது அவர் முகத்தில் தெரியும் திருப்தியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வரும் மனுவிடம் மட்டும் இந்த விளையாட்டு இல்லை. அதற்கு 30 நாள் கெடு.

கலெக்டர் ஆபீசுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திங்கட்கிழமை குறைதீர் நாள், அண்ணாச்சி தலை நிமிர மாட்டார். செவ்வாய்க்கிழமை டீ நேரம் கழிந்து பதினொன்றரைக்கு மேல், மனுவின் ந.க. எண்ணை மறக்காமல் குறித்துக்கொண்டு போங்கள்.