கிழட்டு மரத்துல பழகிக்கோ, தம்பி

வாங்க உபதேசியாரே, வாங்க! ஈப்போவுல மூணு நாள் பயிற்சி முடிச்சு, கழுத்துல அட்டை தொங்க நீங்க பஸ்ஸ விட்டு எறங்குனப்பவே நெனைச்சேன், பீடோருக்கு விடிவு காலம் வந்துருச்சுன்னு. கொய்யாவுக்குப் பேர் வாங்குன ஊரு, இனிமே பரிசுத்தத்துக்கும் வாங்கிரும்.

உங்க கையில மூணு பையனுங்கள ஒப்படைச்சாங்களாம். அதுல ஒருத்தன் ஆராதனைக்கு லேட்டா வந்தான்னு, கோப்பிக் கடையில நாலு பேரு தே தாரேக் குடிக்கிற நேரத்துல, வசன நம்பரோட வாங்கு வாங்குன்னு வாங்கிட்டீங்களாமே. அடேங்கப்பா! இந்த வேலைக்கு எங்க காலத்துல சம்பளம் கொடுத்து மண்டோர் வெச்சிருந்தாங்க. நீங்க ஓசியிலேயே செய்றீங்க. பய இப்ப ஞாயித்துக்கெழமை பந்து விளையாடப் போறானாம். உங்களுக்கென்ன, ஒரு சோம்பேறி கழிஞ்சான்!

கோவிச்சுக்காத தம்பி. நான் பால் மரம் வெட்டுனவன், படிப்பு கம்மி. உளிய மேலாக இழுத்தா மங்குல பால் விழாது. ஆழமா இறக்குனா அன்னைக்கு நல்லாத்தான் வடியும். ஆனா உளி கட்டையைத் தொட்டுச்சோ, அங்க வளர்ற புதுப் பட்டை முண்டும் முடிச்சுமா வரும். பல வருசம் கழிச்சு அதே பக்கம் வெட்ட வர்றவன் உன்னைத்தான் திட்டுவான். அந்தப் பையன் முகத்தைப் பாத்தேன். உளி கட்டையைத் தொட்டிருக்கு.

அப்போஸ்தலர் 18 நீ மனப்பாடமா சொல்லுவ. எபேசுல அப்பொல்லோ பிரசங்கத்துல வெளுத்து வாங்குறான். ஆனா தெரிஞ்சது யோவானோட ஸ்நானம் மட்டுந்தான். கூடாரம் தைக்கிற ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கேட்டுக்கிட்டிருந்தாங்க. சபை நடுவுல எழுந்து கத்துனாங்களா? தனியா கூட்டிட்டுப் போய் வெவரமா சொல்லிக் கொடுத்தாங்க. பின்னால அவன் அகாயாவுக்குப் போறப்ப, சகோதரருங்க கடுதாசி எழுதிக் கொடுத்து அனுப்புனாங்க. நீ இருந்திருந்தா வாட்ஸ்அப் குரூப்புல போட்டு முடிச்சிருப்ப.

நம்ம திருநெல்வேலிச் சீமை அசரியா, 1910-ல எடின்பரோ மாநாட்டுல, வெள்ளைக்கார மிஷனரிமாருங்க முன்னால நின்னு என்ன கேட்டாரு தெரியுமா? எங்களுக்காக எவ்வளவோ தியாகம் பண்ணிட்டீங்க, கொஞ்சம் சிநேகிதரா இருங்கன்னுதான். பல பேருக்கு அது கசந்துச்சு. ஆனா 1912-ல அவரையே தோர்ணக்கல்லுக்கு பிஷப்பாக்குனாங்க. இந்தியர்ல ஆங்கிலிக்கன் பிஷப்பான முதல் ஆளு அவருதான்.

சரி, நம்ம பய ஏன் லேட்டா வந்தான்? சனிக்கெழமை ராத்திரி வேலை. கண்ணு மூடாம நேரா சர்ச்சுக்கு வந்திருக்கான். வசனம் கொடுத்தியே, ஒரு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தியா? சொல்ல வேண்டியத சொல்லத்தான் வேணும், ராசா. அத அவன் பசியாறுன பெறகு சொல்லு.

இன்னொண்ணு. தோட்டத்துல புதுசா வெட்டுப் பழகுறவன் கையில எடுத்ததும் எளமரத்தைக் கொடுக்க மாட்டாங்க. சாய்க்கப் போற கிழட்டு மரத்தைக் காட்டி விடுவாங்க. கோணலா வெட்டினாலும் நட்டமில்ல. அதனால தெனம் சாயங்காலம் இங்க வா, என்னைத் திருத்திப் பழகு. என்கிட்ட குறைக்குப் பஞ்சமே இல்ல. மங்கு மட்டும் பெருசா கொண்டாந்துராத.