மேனேஜர்களின் ஊர்

கேரளக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம் 1960-ஆம் ஆண்டு வந்தது. நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை, அதற்கு மேல் இழுத்தால் இரட்டிப்புக் கூலி. தாராளம்தான். ஆனால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று ஒரு வரியும் உண்டு. அந்த ஒரு வரியை நம்பித்தான் எத்தனை விசிட்டிங் கார்டுகள்! திருவனந்தபுரம் கழக்கூட்டத்து டெக்னோபார்க்கில் மதிய நேரம் "மேனேஜர் சார்" என்று கூப்பிட்டுப் பாருங்கள், பாதி கேன்டீன் திரும்பும். டெல்லி இன்னும் சிக்கனம்: 2020-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர் தொழிலாளியே அல்ல. மேற்பார்வைக்குக் கீழே ஆள் இருந்தால் போதும்; கூலிக்கு மேலே ஏதும் கிடைக்காது.

துணிக்கடைப் பெண்கள் வேலை நேரத்தில் உட்காரும் உரிமையைக் கேரளம் 2018-ல் சட்டமாக்கியது. எழுந்து வீட்டுக்குப் போனபின் போனை எடுக்காமலிருக்கும் உரிமை கோரி, 2025-ல் காஞ்ஞிரப்பள்ளி எம்.எல்.ஏ. என். ஜெயராஜ் மசோதா கொண்டுவந்தார். அப்போது அரசின் தலைமைக் கொறடாவே அவர்தான். மசோதாவோ தனிநபர் மசோதா. தனிநபர் மசோதா சட்டமாவது நம் நாட்டில் எவ்வளவு அபூர்வம் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அப்படியொரு சட்டம் வரும்வரை, மேனேஜர் சார், போனை எடுங்கள்.